128 போட்டால் கிளப் பாட்டு ஆகிவிடாது: டெம்போ தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, ட்ராக் அனுப்பியிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வரும் கோப்புகளில் மிக்ஸ் சரியில்லாமல் இருக்கலாம், மெலடி சுமாராக இருக்கலாம். அதெல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். டெம்போவில், அதாவது பாட்டின் வேகத்தில், விழுந்த கோளாறு மட்டும் மாஸ்டரிங் வரை கூடவே வந்து கழுத்தறுக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதுதான், நான் உட்பட. க்ளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) போட்டுப் பதிவு செய்யுங்கள், ரெஃபரன்ஸ் பாட்டோடு ஒப்பிடுங்கள் மாதிரியான பாலபாடங்களை எந்த டுடோரியலும் சொல்லித்தரும். அவற்றை இங்கே தொடவில்லை.

குரலை எடுத்துவிட்டு டெம்போவை மாற்றுவது

சாலிகிராமத்தில் சின்ன அறை ஒன்றில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவன் நான். என்னிடம் வரும் பாதிச் சிக்கல் இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் கடுப்பாகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வியாசர்பாடித் தம்பி ஒருவர் 100 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், அருமையாக ஒன்று போட்டு வைத்திருந்தார். கானா பாடுகிற ஒருவரை அழைத்துவந்து, மணிக்கணக்கில் வாடகை கொடுத்து குரல் எடுத்தாயிற்று. பாடகர் வார்த்தையை இழுத்து, கடைசி எழுத்தில் ஒரு குலுக்கல் கொடுத்து நிறுத்துவார். அந்தப் பாட்டின் உயிரே அந்த நிறுத்தம்தான். இவ்வளவும் முடிந்த பிறகு யாரோ ஒரு பார்ட்டி ஏற்பாட்டாளர், "ப்ரோ, 128ல இருந்தாத்தான் ஃப்ளோர் ஆடும்" என்று கொளுத்திப்போட்டார். தம்பி வீட்டுக்குப் போய் 100-ஐ 128 ஆக்கி, சேவ் செய்து, ஸ்டெம்களை (குரல், பேஸ், டிரம் எனத் தனித்தனி ஆடியோ கோப்புகளை) எனக்கு அனுப்பிவிட்டார்.

திறந்து கேட்டேன். 3 நிமிடம் 12 விநாடிப் பாட்டு இரண்டரை நிமிடமாகச் சுருங்கியிருந்தது. சின்த், பேஸ் எல்லாம் பளிச்சென்று இருந்தன. இருக்கத்தானே செய்யும், அவை மிடி, அதாவது ஒலி அல்ல, எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்ற குறிப்பு மட்டும்; புது வேகத்தில் புதிதாக வாசிக்கப்படுகின்றன. இந்தச் சௌகரியம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மிடியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் வரை டெம்போ என்பது இலவசம். ஆடியோ என்று ஒன்று உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அதற்கு விலை உண்டு.

அந்தக் குரலுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 28 சதவீதம் வேகம் கூடினால் குரலின் அசைவும் 28 சதவீதம் வேகமாகும். விநாடிக்கு ஐந்தரை தடவை ஆடிய குலுக்கல் இப்போது ஏழு தடவை ஆடுகிறது. கேட்டால் ஆடு கத்துவது போல இருக்கிறது. "ட", "ப" மாதிரி வெடித்து வரவேண்டிய எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிட்டது. மூச்சு வாங்கும் இடங்கள் 'ஸ்க்' 'ஸ்க்' என்று கடிக்கின்றன. பதிவிலேயே கலந்திருந்த அறை எதிரொலியும் சேர்ந்து சுருங்கியதில், பாடகர் தண்ணீர் டிரம்முக்குள் நின்று பாடியது போல ஆகிவிட்டது. சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றுகிற எந்த வார்ப் (பதிவை இழுத்துச் சுருக்கும்) முறைக்கும் இந்தத் தொல்லை கூடவோ குறையவோ உண்டு. வேகத்தோடு சுருதியையும் ஏற்றுகிற ரீபிட்ச் போட்டால் ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் குரல் நாலு செமிடோனுக்கு மேல் ஏறிப் பொம்மைக் குரலாகும்.

கிக்கும் (டிரம்மின் 'தும்' அடி) தப்பவில்லை. அது ஒன்-ஷாட் சாம்பிள், ஒரே அடியின் பதிவு, டெம்போவோடு சுருங்காது. 100-ல் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 600 மில்லிசெகண்ட் இருந்தது. 128-ல் 469 தான். நீளமான கிக்கின் வால் அடுத்த கிக்கின் தலையில் போய் விழுந்தது. கிக் விழும்போது பேஸை அமுக்கி, பிறகு மேலே விடுவதுதான் சைட்செயின்; பழைய இடைவெளிக்கு வைத்த அதன் ரிலீஸ் நேரம், பேஸ் மேலே எழுவதற்குள் அடுத்த கிக்கில் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறியது.

"திரும்பப் பாட வைங்க தம்பி" என்றேன். அது ஆடி மாதம். அம்மன் கோயில் கச்சேரி நடக்காத தெரு வடசென்னையில் அப்போது ஏது? பாடகர் கையில் கிடைக்கவே வாரங்கள் ஆயின. வந்தவருக்கு மறுபடி சம்பளம், அறைக்கு மறுபடி வாடகை. அவ்வளவும் செலவழித்த பிறகும் 128-ல் அந்த வரிகள் உட்காரவே இல்லை. 100-ல் ஒரு பதினாறாம் நோட்டுக்கு (ஒரு அடியில் கால் பங்கு) 150 மில்லிசெகண்ட் கிடைக்கும், 128-ல் 117 தான். அவசரத்தில் நெடில் எல்லாம் குறிலாகி, "காலம்" என்று பாடினால் "கலம்" என்று கேட்டது. கடைசியில் 104-ல் முடித்தோம். இரண்டாவது செலவு முழுக்க வீண்.

செய்ய வேண்டியது இதுதான். சின்த் எதையும் திறக்கும் முன்னால் பாடுகிறவரைக் கூப்பிட்டு, வெறும் கிக்கும் ஒரு சுருதியும் மட்டும் போட்டு, பல்லவியை மூன்று நாலு வேகத்தில் பாடச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். எந்த வேகத்தில் வார்த்தை தெளிவாக விழுகிறதோ, எந்த வேகத்தில் அவர் தோள் தானாக ஆடுகிறதோ, அதுதான் அந்தப் பாட்டின் காலப்பிரமாணம். அதற்குப் பிறகு மைக்கை வையுங்கள்.

ஏற்கனவே எடுத்தாகிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றால், என் காதுக்கு நாலைந்து சதவீதம் வரை ஓரளவு தாங்கும். 100-ல் பாடியது 104-க்குப் போகலாம். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் இழுக்காமல் இரட்டிக்க முடியுமா என்று பாருங்கள். 87-ல் பாடிய குரல் 174-ல் ஓடும் டிரம் அண்ட் பேஸ் மேல் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே உட்காரும்.

வகையின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

ஹவுஸ் என்றால் 120 முதல் 128, ட்ரான்ஸ் என்றால் 138 பக்கம், டப்ஸ்டெப் என்றால் 140. எண்கள் சரிதான். ஆனால் அவை ஆடுகிறவர்களிடமிருந்து வந்தவை, அட்டவணையிலிருந்து அல்ல. 2009-ல் வாஷிங்டனில் டேவ் நாடா என்ற டிஜே, வீட்டு விருந்து ஒன்றில் டச்சு ஹவுஸ் பாட்டை 108-க்கு இறக்கி ஓட்டினார். வந்திருந்த பிள்ளைகளுக்கு ரெக்கேட்டோன் என்ற லத்தீன் நடன இசைதான் பழக்கம். கூட்டம் ஆடித் தீர்த்தது. மூம்பாட்டன் என்ற வகையே அப்படிப் பிறந்ததுதான். ஏபிள்டன், லாஜிக் மாதிரி இசை சாஃப்ட்வேர்கள் 120-ல் திறக்கின்றன என்பதற்காக உங்கள் பாட்டும் 120-ல் பிறந்ததாக ஆகிவிடாது.

128-க்கு ஒரு வசதி உண்டு, மறுக்கவில்லை. அதில் 32 பார் (பாருக்கு நாலு அடி) சரியாக ஒரு நிமிடம். பரபரப்பை ஏற்றும் பில்டப், அது வெடிக்கும் டிராப் எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்தே அளந்துவிடலாம். பாட்டுக்கு அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்க அது காரணம் ஆகாது.

வேகத்தை ஆவேசம் என்று நினைப்பது

டப்ஸ்டெப்பைத் தட்டிப் பாருங்கள். எண் 140, ஆனால் ஸ்னேர் மூன்றாம் அடியில் விழுவதால் உடம்பு 70-ல்தான் ஆடும். அதில் வலு இல்லை என்று யாராவது சொல்வார்களா? டிராப் சோர்ந்து கிடந்தால் முதலில் ஹை-ஹாட்டைப் பாருங்கள், பேஸ் எங்கே இடைவெளி விடுகிறது என்று பாருங்கள். டெம்போ பெட்டியில் கை வைப்பது கடைசி வேலை.

சாஃப்ட்வேர் சொன்ன பிபிஎம்மை நம்புவது

குத்து லூப்போடு ஹவுஸ் கலக்க ஆசைப்படாத ஆள் சென்னையில் இல்லை. கல்லூரி விழாவோ கல்யாண ரிசப்ஷனோ, அது வந்தால்தான் கூட்டம் எழுந்திருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் குத்து பெரும்பாலும் திஸ்ர நடை. ஒரு அடிக்கு மூன்று தட்டு. சாஃப்ட்வேருக்கோ அடிக்கு நாலு தட்டு விழும் சதுஸ்ரம்தான் பழக்கம். கால் 120-ல் ஆடும் லூப்பைக் கொடுத்தால், இரண்டு தட்டை ஒரு அடியாக எண்ணி 180 என்று காட்டும், இல்லாவிட்டால் அதில் பாதியாக 90 என்று காட்டும். அதை நம்பி ப்ராஜெக்டை 90-ல் வைத்து கிக் போட்டால், தவில் ஒரு பக்கம் நொண்டும், கிக் இன்னொரு பக்கம் நொண்டும். தம்பிமார் அதை நகர்த்தி நகர்த்தி, வெட்டி ஒட்டி, கடைசியில் "லூப் சரியில்லண்ணா" என்பார்கள்.

லூப்பைப் போட்டுவிட்டு எழுந்து நின்று ஆடுங்கள். கால் தரையில் விழும் இடத்தில் டேப் டெம்போவைத் தட்டுங்கள். கிரிட்டை (திரையில் தெரியும் தாளக் கோடுகளை) டிரிப்ளட்டுக்கு, அதாவது அடிக்கு மூன்று கோடாக, மாற்றுங்கள், அல்லது 12/8 வையுங்கள். நாலு அடிக்கும் விழும் ஹவுஸ் கிக் அதன் அடியில் அச்சாக உட்காரும்.

ஆட்களை வைத்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்ததென்றால் இன்னொன்றையும் பாருங்கள். க்ளிக் இல்லாமல் பறை அடித்தால் சூடு ஏற ஏற வேகமும் ஏறும், ஏறவும் வேண்டும். 118-ல் தொடங்கியது 124-ல் முடியும். முழுப் பாட்டுக்கும் ஒரே எண்ணைத் தேடாமல், பார் பாராக வார்ப் மார்க்கர் வையுங்கள். ஒரு சாயங்கால வேலை.

நள்ளிரவில் டெம்போ முடிவு செய்வது

ஒரே எட்டு பாரை மணிக்கணக்கில் சுற்றவிட்டால் எதுவும் மந்தமாகத்தான் கேட்கும். 124 ஆக இருந்தது 126 ஆகும், டீ குடித்துவிட்டு வந்தால் 130 ஆகும். காலையில் வேறு பாட்டு எதையும் கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். அந்த முதல் நிமிடத்துக் காதுதான் ஆடுகிறவனின் காது.

127.63 என்று வைப்பது

வேண்டாம். டிஜேவின் பிட்ச் ஃபேடர், ஓடும் பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழ், எதற்கு இருக்கிறது? ஆறு சதவீத வீச்சிலேயே 124-ல் இருக்கும் பாட்டை 117-க்கும் இறக்கலாம், 131-க்கும் ஏற்றலாம்.

டிலேயை மில்லிசெகண்டில் போட்டுவிட்டு மறப்பது

சிங்க் பட்டனை அமுக்குங்கள், டிலேயின் எதிரொலி டெம்போவோடு சேர்ந்து மாறும். கையால்தான் போடுவேன் என்றால் 60,000-ஐ பிபிஎம்மால் வகுங்கள், ஒரு அடியின் மில்லிசெகண்ட் கிடைக்கும்; டெம்போ மாறினால் மறுபடி வகுங்கள்.

ஸ்டெம் கோப்பின் பெயரில் டெம்போ எழுதாமல் அனுப்புவது

பாட்டின் பெயர், பிபிஎம், சுருதி. "ஃபைனல் ஃபைனல் 3" என்று வருவதை நான் திறப்பதே இல்லை.