குதிரை அடைப்புக்கு மின்வேலி: மெஷினை மாற்றும் முன் மண்ணைப் பாருங்கள்

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தை முடிந்ததும் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குதிரை வாங்கியாயிற்று, கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கொஞ்சத்தை அடைத்து சோலார் வேலி போடப்போகிறேன், எந்த மெஷின் நல்லது? அதே ஆட்கள் சித்திரையில் மறுபடி கூப்பிடுவார்கள். வேலியில் ஷாக்கே இல்லையாம். நானும் ஒரு காலத்தில் செய்த கோளாறுகள்தான், வரிசை மாறாமல் நடக்கின்றன. புல் வளர்ந்து கம்பியில் படுவது, ஸ்விட்ச் போட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் அவரவருக்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஈபி லைனை நேராக வேலிக்குக் கொடுப்பது

குதிரைக்காரர்கள் யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. ஆனால் "பன்னிக்கு, ராத்திரி மட்டும்" என்று அதே வேலியில் கொக்கி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 230 வோல்ட் விடாமல் பாயும். தொட்ட உயிர் போய்விடும். எனர்ஜைசரில், அதாவது வேலிக்கென்று விற்கும் மெஷினில், வோல்ட் பல ஆயிரம் இருந்தாலும், நொடிக்கு ஒரு தட்டுதான். அந்தத் தட்டும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காது. வலிக்கும், விட்டுவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது சட்டவிரோத மின்வேலியில்தான். அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. தோட்டம் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

முள்கம்பியில் கரண்ட்

கூடாது. மிரண்ட குதிரை அதில் சிக்கினால் காலும் மிஞ்சாது.

எர்த்தை விட்டுவிட்டு மெஷினைத் திட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

கரண்ட் மெஷினிலிருந்து கிளம்பி, கம்பி வழியாகக் குதிரைக்குள் போய், குளம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் ராடு வழியாக மெஷினுக்கே திரும்ப வேண்டும். இந்தச் சுற்றில் பாதி தூரம் மண். வேலி போடுகிறவர்கள் கம்பிக்கும் பேனலுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு, இந்தப் பாதியை இரண்டடி இரும்புத் துண்டு ஒன்றில் முடித்துவிடுகிறார்கள்.

ஐப்பசியில் போட்டால் அதுவும் வேலை செய்யும். மண் ஈரமாக இருக்கிறதே! தாராபுரம் பக்கம் ஒரு நண்பர் அப்படித்தான் போட்டார். தை வரைக்கும் அவருடைய பெட்டைக்குதிரை வேலி டேப்புக்கு (கம்பி இழை பின்னிய பட்டைக்கு) ஒரு கஜம் தள்ளியே நின்றது. பங்குனியில் செம்மண் காய்ந்து ஓடாகிவிட்டது. குளம்பு ஏற்கெனவே நகம் மாதிரி, கரண்ட் லேசில் கடக்காது. கீழே காய்ந்த சரளை வேறு. குதிரை ஒரு நாள் மூக்கால் தொட்டுப் பார்த்தது, மறுநாள் கழுத்தைச் சாய்த்தது, அப்புறம் பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் நின்றது.

"மெஷினே சரியில்லீங்ண்ணா" என்றார் நண்பர். கடைக்காரரும் ஆமாம் என்றிருக்கிறார். பெரிய மெஷின் விற்கிறவர் வேறென்ன சொல்வார்? 1 ஜூல் மெஷின் போய் 5 ஜூல் வந்தது (ஒரு தட்டின் பலத்தை ஜூலில் சொல்வார்கள்). அது கரண்டை அதிகம் குடித்ததால் விடிவதற்குள் பேட்டரி இறங்கியது. பெரிய பேட்டரி வாங்கினார். அதை நிரப்பப் பெரிய பேனலும் வந்தது. குதிரை மறுபடி சோளத்துக்குள்தான். நான் போய் எர்த் ராடில் டெஸ்டரை வைத்தேன். ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. மண்ணுக்கும் ராடுக்கும் நடுவே கரண்ட் லேசில் கடக்க வழியில்லை என்று அர்த்தம். ஆறடி ராடு மூன்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், எப்போதும் கசிவு இருக்கும் இடத்தில், பத்தடிக்கு ஒன்றாக அடித்து, ஒரே கம்பியில் கிளாம்ப் போட்டு இணைத்தோம். பரணில் கிடந்த பழைய 1 ஜூல் மெஷினை எடுத்து மாட்டியதும் டேப்பில் ஐயாயிரத்துக்கு மேல் காட்டியது. இரண்டு ஏக்கரைச் சதுரமாக அடைத்தால் சுற்றளவு சுமார் 360 மீட்டர்தான். மூன்று வரிசை இழுத்தாலும் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அதற்கு 1 ஜூல் தாராளம்.

எர்த் சரியா என்று பார்க்க, மெஷினை அணைத்துவிட்டு, அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளி இரண்டு மூன்று கடப்பாரையை மண்ணில் அடித்து வேலிக்கம்பியில் சாய்த்து வையுங்கள். மெஷினைப் போடுங்கள். வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அணைத்துவிட்டு இன்னொரு கடப்பாரை. இப்போது எர்த் ராடில் அளந்து பாருங்கள். 300-க்கு மேல் காட்டினால் ராடு பத்தவில்லை. இதை ஏப்ரல், மே மாதத்தில் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் செய்து மனதைத் தேற்றிக்கொள்வதில் பயனில்லை. வேலிக்கான டெஸ்டரையே பயன்படுத்துங்கள், சாதா மல்டிமீட்டர் புகைந்துவிடும்.

ராடு கூட்டியும் சரிவரவில்லை என்றால் மண்ணை நம்புவதை விட்டுவிடுங்கள். மூன்று வரிசையில் நடுவரிசையை மெஷினின் எர்த்தோடு இணையுங்கள். குதிரை தலையை நுழைக்கும்போது மேலேயும் நடுவிலும் ஒருசேரப் பட்டால் போதும், மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தட்டும்.

இன்னொன்று. ராடு அடிக்கச் சோம்பல்பட்டு போர்வெல் மோட்டார் எர்த்திலோ வீட்டு எர்த்திலோ மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் குழாயைத் திறக்கிறவருக்குச் சுருக்கென்கிறது. அந்த எர்த்துகளுக்கும் வேலி எர்த்துக்கும் குறைந்தது பத்து மீட்டர் இடைவெளி விடுங்கள்.

பழைய கார் பேட்டரி

காரை ஸ்டார்ட் செய்ய அது போதும். தினமும் இறங்கி ஏற அது பிறக்கவில்லை. டியூபுலர் பேட்டரி (இன்வெர்ட்டருக்குப் போடுகிற வகை) வாங்குங்கள். அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு: மெஷின் சராசரியாக 0.3 ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் 21.6. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆக 45 ஆம்பியர்-மணி. பேனல் 40 வாட், தெற்குப் பார்த்து, லேசான சாய்வில். வேப்பமர நிழல் குதிரைக்கு நல்லது, பேனலுக்கு அல்ல.

ஒரே வேலிக்கு இரண்டு மெஷின்

வேண்டவே வேண்டாம். இரண்டும் மாறிமாறித் தட்டினால் தொட்டவருக்கு விலக நேரம் கிடைக்காது.

கிளுவை வேலியிலேயே கம்பியை ஓட்டுவது

கல்லுக்கால் செலவு மிச்சம் என்று செய்கிறார்கள். மழைக்குத் துளிர்த்த கிளுவை முழுதும் கரண்டைக் குடிக்கும். மூன்றடி உள்ளே தள்ளித் தனிக்கம்பம் நடுங்கள்.

கேட்டுக்குக் கீழே வீட்டு வயர்

வீட்டு வயரின் உறை சில நூறு வோல்ட்டுக்குச் செய்தது. ஆறாயிரத்துக்கு அது மண்ணுக்குள்ளேயே கசியும், வெளியே ஒன்றும் தெரியாது. வேலிக்கென்று விற்கும் தடித்த இரட்டை உறைக் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். குழாயின் இரண்டு வாயும் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது.