வட்டின் வேகத்தை அளக்கும்போது பதில் சொல்வது யார்?

கொழும்புப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குச் சேவையகத்தை வந்து பார்க்கும்படி ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். ஒரு பில்லைச் சேமிக்க நான்கு செக்கன் எடுக்கிறது என்பது காசாளர்களின் முறைப்பாடு. தரவை வைத்திருக்கும் வட்டுகள் அடங்கிய தனிச் சேமிப்பகப் பெட்டியை விற்றவரோ, தரவைப் பிரதி செய்யும் லினக்ஸின் டிடி கட்டளையால் அளந்து பார்த்ததில் அது செக்கனுக்கு 1.4 கிகாபைற்று எழுதுகிறது என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். சேவையகத்துக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்தது ஒரேயொரு 1 கிகாபிற்று இணைப்பு. எட்டால் வகுத்தால் அது 125 மெகாபைற்று; நெறிமுறைகளின் தலைப்புகளுக்குப் போவதைக் கழித்தால் செக்கனுக்கு 110 முதல் 118 வரைதான் தேறும். தாளில் இருந்த வேகம் அந்தக் கம்பிக்குள்ளால் போயிருக்கவே முடியாது.

அப்படியானால் அந்தப் பதிலைச் சொன்னது வட்டு அல்ல, சேவையகத்தின் சொந்த நினைவகம். எழுதக் கொடுத்த தரவை லினக்ஸ் முதலில் தன் பதுக்கு நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்துவிட்டதாக நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. பெட்டிக்கு அனுப்புவது பிறகுதான். டிடி கட்டளையோடு 'கான்வ்=எஃப்டேட்டாசிங்க்' என்று சேர்த்தால், தரவு மறுமுனைக்குப் போய்ச் சேரும் வரை கடிகாரம் ஓடும். ஆனால் அதுவும் போதாது. டிடியை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 'டெவ்-சீரோ'விலிருந்து வெறும் பூச்சியங்களையே எடுத்து எழுதுகிறார்கள். தரவைச் சுருக்கி வைக்கும் சேமிப்பகங்கள் பூச்சியங்களை ஏறக்குறைய எதுவுமே எழுதாமல் விழுங்கிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு: தேவைப்படும்போது மட்டும் இடம் ஒதுக்கும் வகையில் அமைத்த புதிய வட்டில், ஒருபோதும் எழுதப்படாத பகுதியை வாசித்தால், பெட்டி எந்த வட்டையும் தொடாமல் பூச்சியங்களைத் திருப்பி அனுப்பும். ஆகவே வாசிப்பை அளக்குமுன், வட்டு முழுவதையும் எழுந்தமானமான தரவால் ஒருமுறை நிரப்ப வேண்டும்.

டிடியை விட்டு, வட்டை அளப்பதற்கென்றே உள்ள ஃபியோ என்ற கருவிக்கு வந்தவர்களும் 'டைரக்ட்=1' என்று போட்டதோடு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த வரி விலக்குவது நம் பக்கத்துப் பதுக்கு நினைவகத்தை மட்டுமே. கம்பியின் மறுமுனையில் இருக்கும் பெட்டிக்கும் சொந்தமாக நினைவகம் உண்டு, அதை நாம் இங்கிருந்து அணைக்க முடியாது. 64 கிகாபைற்று நினைவகம் உள்ள பெட்டியில் 1 கிகாபைற்றுக் கோப்பை வைத்துச் சோதித்தால், இரண்டாவது சுற்றிலிருந்து வாசிப்பு முழுவதும் அந்த நினைவகத்திலிருந்தே வரும். இதைப் பிடிக்க ஒரு மனக்கணக்குப் போதும். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வட்டு அரைச் சுற்றுச் சுற்ற 4.17 மில்லிசெக்கன் எடுக்கிறது. வட்டை வாசிக்கும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், எழுந்தமானமான வாசிப்புகள் செக்கனுக்கு நூறைத் தாண்டுவது அரிது. அத்தகைய எட்டு வட்டுகள் 20,000 வாசிப்புகளைத் தந்ததாக அறிக்கை சொன்னால், வட்டுகள் விழிக்கவே இல்லை என்று பொருள். உங்கள் தரவு முழுவதும் என்றைக்கும் அந்த நினைவகத்துக்குள் அடங்கும் என்றால் அந்த எண்ணும் நியாயமானதே. அடங்காது என்றால், சோதனைக் கோப்பு இரு முனைகளின் நினைவகங்களையும் கூட்டியதைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும்.

வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் பகிர்வில் இன்னொரு பொறி இருக்கிறது. பகிர்வை 'ஏசிங்க்' என்று அமைத்தால், தரவு வட்டில் படியுமுன்னரே பெட்டி "எழுதிவிட்டேன்" என்று பதில் அனுப்பும். எண்கள் மிக அழகாக வரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நகரத்தில், அந்த அழகுக்கு என்ன விலை என்று விளக்கத் தேவையில்லை. 'சிங்க்' என்று மாற்றி அளந்து வரும் எண்ணே உண்மையானது, எவ்வளவு கசந்தாலும்.

இவை எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது வரிசை ஆழம். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் பதிலுக்குக் காத்திருக்கின்றன என்பதே அது. ஒரு கோரிக்கை போய்வர 0.5 மில்லிசெக்கன் எடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போது செக்கனுக்கு 2,000தான் முடியும். 32 கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பி, தாமதமும் கூடாமல் இருந்தால், அதே சேமிப்பகம் 64,000 காட்டும். விற்பனைத் தாள்களில் வருவது இரண்டாவது எண். தரவுத்தளமோ ஒரு பரிவர்த்தனையை முடிக்கும்போது அதன் பதிவேடு வட்டில் படிந்ததா என்று காத்திருந்துதான் அடுத்த அடி வைக்கிறது. அங்கே பொருந்துவது முதல் எண். ஃபியோவிலும் இங்கே ஒரு வழுக்கல் உண்டு: கோரிக்கைகளை அனுப்பும் முறையை அது 'இயந்திரம்' என்கிறது; 'பிசிங்க்' இயந்திரத்தில் வரிசை ஆழத்தை 'ஐஓடெப்த்=32' என்று எழுதினாலும் ஆழம் 1 ஆகவே இருக்கும்; 'லிப்ஏஐஓ' இயந்திரமும் 'டைரக்ட்=1' இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகவே வேலை செய்யும். ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவும் பொருந்த வேண்டும். தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைற்றுப் பக்கங்களையும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி வழக்கமாக 16 கிலோபைற்றுப் பக்கங்களையும் கையாளும்போது, 1 மெகாபைற்றுத் துண்டுகளால் அளந்து பயனில்லை. ஒவ்வொரு எழுதலும் வட்டில் படியும் வரை காத்திருக்கும்படி 'எஃப்சிங்க்=1' என்று சேர்த்து, சிறு துண்டுகளை ஆழம் 1இல் எழுதிப் பார்ப்பதையே நான் முதலில் செய்கிறேன். ஓர் எச்சரிக்கை: ஃபியோவின் எழுதல் சோதனைக்குக் கோப்பின் பெயருக்குப் பதிலாக வட்டின் பெயரையே கொடுத்தால், அந்த வட்டில் இருக்கும் தரவு அழிந்துவிடும்.

கொழும்பு அலுவலகங்கள் பல இப்போது மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள மேகச் சேவையகங்களை வாடகைக்கு எடுக்கின்றன. அங்குள்ள பகிர்வைக் கொள்ளுப்பிட்டி மேசைக் கணினியில் இணைத்து அளந்துவிட்டு, வட்டு மந்தம் என்று முறையிடுவோரைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகிறது. போய்வர 27 மில்லிசெக்கனுக்குக் குறையாது, ஆகவே ஆழம் 1இல் செக்கனுக்கு 37 கோரிக்கைகளே உச்சம். எந்த வட்டைப் பூட்டினாலும் கடல் அகலமானதுதான். அளப்பதை அந்தச் சேவையகத்துக்குள்ளேயே நின்று செய்ய வேண்டும்.

அங்கேயும் நேரம் ஏமாற்றும். அமேசான் மேகத்தின் பழைய ஜிபி2 வகை வட்டில் 100 கிகாபைற்று எடுத்தால் உங்களுக்கு உரியது செக்கனுக்கு 300 கோரிக்கைகள்; பயன்படுத்தாமல் சேர்ந்திருக்கும் வரவைக் கொண்டு அது 3,000 வரை பாயும், அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக. ஒரு நிமிடச் சோதனை அந்தப் பாய்ச்சலை மட்டுமே காணும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3இல் 3,000 என்பது நிலையான அளவு, ஆகவே அங்கே இந்தக் குழப்பம் இல்லை. நிழற்பிரதியிலிருந்து (ஒரு கணத்தில் எடுத்து வைத்த வட்டுப் பிரதி) மீட்டெடுத்த வட்டில் இதற்கு நேர்மாறு: முதல் வாசிப்பின்போதுதான் தரவு எஸ்3 களஞ்சியத்திலிருந்து வந்து சேர்வதால், நல்ல வட்டும் மந்தமாகத் தெரியும்.

சராசரியை மட்டும் பார்ப்பதையும் விட்டுவிடலாம். காசாளரைச் சினக்க வைப்பது நூறில் ஒன்றாக வரும் நீண்ட காத்திருப்பு, ஃபியோ அதை 99ஆம் சதமானமாகத் தனியே காட்டுகிறது. வட்டின் வேலையைக் கண்காணிக்கும் ஐஓஸ்டாட் கட்டளையில், வட்டு வேலையாக இருந்த நேரத்தின் வீதத்தைக் காட்டும் 'யூட்டில்' எண் 100ஐத் தொட்டாலும் வட்டு நிரம்பிவிட்டது என்று பொருளாகாது. பல கோரிக்கைகளை ஒருங்கே கையாளும் சேமிப்பகத்தில் இன்னும் இடமிருக்கலாம்.

புறக்கோட்டைச் சேவையகத்தில் ஆழம் 1இல், 'எஃப்சிங்க்' உடன், கடை திறந்திருந்த நேரத்தில் அளந்தபோது ஒரு சிறு எழுதலுக்கு 20 மில்லிசெக்கன் போனது. அந்தக் கணக்கு மென்பொருள் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 200 தடவை அப்படி எழுதிவிட்டுக் காத்திருந்தது. பெருக்கினால் நான்கு செக்கன். காசாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன அதே எண்.