மாருதி 800-இல் மின்மோட்டாருக்குக் கடிவாளம்

பழைய மாருதி 800-க்கு, ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்து கழற்றிய சீரிஸ் டிசி மோட்டாரை (உள்ளே உள்ள சுருள்கள் ஒரே வரிசையில் இணைந்த நேர்மின்னோட்ட மோட்டார்) பொருத்தினேன். ஆறு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக, மொத்தம் 72 வோல்ட். மோட்டாரை ஓட வைப்பது சுலபம், அடக்குவதுதான் வேலை.

சீரிஸ் மோட்டாரைச் சுமை இல்லாமல் முழு வோல்ட்டில் ஓட்டவே கூடாது. வேகம் ஏறிக்கொண்டே போய், உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் சிதறிவிடும். இறுகக் கட்டி, ஒரே ஒரு பேட்டரியில் சில நொடி மட்டும் சோதியுங்கள்.

மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள், மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். பேட்டரியை அதோடு இணைக்கும் பெரிய ரிலே சுவிட்ச்தான் கான்டாக்டர். அதை நேராகப் போட்டால், காலியான கெப்பாசிட்டர்கள் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்க, பொறி பறந்து முனைகள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டியபோது சாவியை அணைத்தும் கரண்ட் நிற்கவில்லை, கை நடுங்கிவிட்டது. அப்புறம் முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம், 25 வாட் ரெசிஸ்டரும் ஒரு சின்ன சுவிட்சும் வைத்தேன். முதலில் அந்தச் சுவிட்ச்; ரெசிஸ்டர் வழியே கெப்பாசிட்டர்கள் மெல்ல நிரம்பும். கன்ட்ரோலர் பக்கம் மீட்டர் 70 வோல்ட்டைத் தொட்டதும் கான்டாக்டர்.

ஆக்சிலரேட்டருக்கு 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் கருவி); பெடல் எவ்வளவு அழுந்தியது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது இதுதான். பழைய கேபிளையே அதில் மாட்டலாம். ஸ்பிரிங் இரண்டாகப் போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பெடலைத் திருப்பும். ஒயர் அறுந்தால் அதை முழு வேகம் என்று எடுத்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களும் உண்டு. அதனால் பெடலில் ஒரு மைக்ரோ சுவிட்ச் கட்டாயம்: காலை எடுத்ததும் கான்டாக்டர் விடுபட வேண்டும்.

டிசிக்கென்றே செய்த ஃப்யூஸ், கை எட்டும் இடத்தில் அவசர சுவிட்ச். சரி, இனி முன்சக்கரங்களை ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு, பெடலை மெல்லத் தொடுங்கள்.