இணைப்பில்லாத பின்னிலிருந்து சமவாய்ப்பு எண்கள்

ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு மின்னணுப் பலகையில் சமவாய்ப்பு (ரேண்டம்) எண் வேண்டுமானால், எதனுடனும் இணைக்காத ஏ0 (A0) பின்னின் மின்னழுத்தத்தை ஒருமுறை படித்து, அந்த அளவை விதையாக, அதாவது எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணாகக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்தப் பின் தருவது 0 முதல் 1023 வரையிலான எண்தான் என்பதால், 1024 வரிசைகளுக்கு மேல் கிடைக்க வழியே இல்லை. ஆகவே விதையை விட்டுவிட்டு, அந்தப் பின்னின் மின் இரைச்சலிலிருந்தே ஒவ்வொரு பிட்டாக (0 அல்லது 1) எடுப்போம்.

முதலில், ஏ0 பின்னில் ஒரு ஜம்பர் கம்பியைச் செருகி, மறுமுனையைச் சும்மா விட்டுவிடுங்கள். படிக்கும் அளவுகளை, பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டால் எண்கள் ஏறி இறங்குவது தெரியும். கம்பியை விரலால் தொட்டால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை அந்தக் கம்பி ஆன்டெனாவாக வாங்குவதே இதற்குக் காரணம். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும் அலையை முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதால், முழு அளவை நம்பாமல் அதன் கடைசிப் பிட்டை மட்டும் எடுங்கள்: ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடிதான் ஆகும். அடுத்தடுத்த வாசிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் நடுவே சில மில்லி விநாடி இடைவெளி விடுங்கள். 0, 1023 ஆகிய இரு அளவுகள் வந்தால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். அலை எல்லையில் முட்டி நிற்கும்போது கடைசிப் பிட் உறைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் 1-களும் 0-களும் சரிபாதியாக வருவது அரிது. இதற்குக் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1951-இல் சொன்ன வழி, எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. பிட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து, 01 வந்தால் 0 என்றும் 10 வந்தால் 1 என்றும் குறித்துக்கொண்டு, 00-ஐயும் 11-ஐயும் எறிந்துவிட வேண்டும். 1 வரும் வாய்ப்பு 0.7 ஆகவே இருந்தாலும், 10 வரும் வாய்ப்பு 0.7 × 0.3, 01 வரும் வாய்ப்பு 0.3 × 0.7, இரண்டும் 0.21 தான். ஆனால் பிட்டுகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். மேலே இடைவெளி விடச் சொன்னது அதற்காகவே.

இனி பகடை. மூன்று பிட்டுகளைச் சேர்த்தால் 0 முதல் 7 வரை ஓர் எண் கிடைக்கும். அதை 6-ஆல் வகுத்து மீதியை எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் 0-வும் 1-உம் மற்றவற்றைவிட இருமடங்கு வரும். 6, 7 வந்தால் மூன்று பிட்டுகளையும் விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். மற்றவற்றோடு 1 கூட்டினால் பகடையின் முகம். கடவுச்சொல்லுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குக் கணினியின் இயங்குதளம் தரும் சமவாய்ப்பு எண்களே பாதுகாப்பானவை.

600 முறை உருட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் 100-ஐ ஒட்டி, பெரும்பாலும் 80-க்கும் 120-க்கும் இடையில் வர வேண்டும். ஏதேனும் ஒன்று 140-ஐத் தொட்டால், முதலில் வாசிப்புகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.