கடலை கருகுவது எங்கே?

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் கடலை வறுப்பவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மணல் சூடேறியதும் கரண்டி ஓயாது. வாசம் வந்ததோ இல்லையோ, கடலை சல்லடைக்குப் போய்விடும். பையனும் பெண்ணும் சிரிக்கச் சிரிக்கப் பேச்சில் போடுகிற கடலைக்கும் இதே பக்குவம்தான். பையன்கள் வாசம் வந்த பிறகும் இறக்குவதில்லை. கருகிய பிறகு ‘அடுப்பு சரியில்ல’ என்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் எங்கள் செட்டு செய்து பல்பு வாங்கிய அதே தவறுகளை மயிலாடுதுறை பாசஞ்சரிலும் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் வகுப்புகளிலும் வரி மாறாமல் செய்கிறார்கள். விசில் அடிப்பது, உரசுவது, பைக்கில் பின்னால் வருவது எதுவும் இங்கே பேச்சில்லை. அது தொல்லை, கடலை கணக்கில் வராது. நல்ல பையன்களே, நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் இங்கே.

அதற்கு முன் ஒரு விஷயம். கடலையில் எதையும் போட்டு உடைக்காமல் பேசுவதற்குக் காரணம் உண்டு. பிடித்திருந்தால் இன்னும் ஒரு வார்த்தை நீளும். பிடிக்கவில்லையென்றால் ‘சும்மா பேசிக்கிட்டிருந்தோம்’ என்று இரண்டு பேரும் முகம் கெடாமல் நகர்ந்துவிடலாம். நேரடியாகச் சொல்லாமலேயே புரியவைப்பது இந்த ஊரின் குணம். மருத நிலத்தின் உரிப்பொருளே ஊடல்தான். கீழே வருகிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த நகர்கிற வழியை அடைத்துவிடுபவை.

நூல் வந்ததே தெரியாமல் இருப்பது

கோச்சிங் வகுப்பு. இடைவேளை. பக்கத்து பெஞ்சுப் பெண் எட்டிப் பார்க்கிறாள்.

“நோட்ஸே எடுக்கலையா?”

“எடுத்திருக்கேன். எனக்கே படிக்க வரல. டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு.”

“அப்ப மெடிக்கல்ல காட்டுங்க.”

இதுதான் கடலை. நூல் விட்டது அவள். பையன் தன்னையே கிண்டல் செய்துகொண்டான், அவள் அந்தக் கிண்டலை எடுத்து ஒரு சுற்று கூட்டித் திருப்பிப் போட்டாள். திருப்பிப் போடுவது முக்கியம். வெறுமனே சிரித்தால் அது மரியாதையாகவும் இருக்கலாம். ஆனால் நம் பையன் என்ன செய்தான்? “ஹிஹி” என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்தான்.

இது அவன் ஒருவனின் குறை இல்லை. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் அறிமுகமில்லாத ஆண், பெண் ஜோடிகளைப் பேசவிட்டு, எதிரில் இருப்பவர் உங்களிடம் கடலை போட்டாரா என்று பிறகு கேட்டார். போடாததைப் ‘போடவில்லை’ என்று 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். உண்மையில் போட்டபோது கண்டுபிடித்தது 28 சதவீதம்தான். ஆண்தான் தொடங்குவான் என்கிற நினைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1985-ல் மோனிகா மூர் என்ற ஆய்வாளர், பெண்கள் பேச்சில்லாமல் காட்டுகிற சமிக்ஞைகளை 52 வகையாகப் பட்டியல் போட்டுவைத்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு விலக்கி மறுபடி பார்ப்பது அதில் ஒன்று.

அடுத்த வரி என்ன? நம்பர் கேட்பது கிடையாது. அவள் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி: “உங்க கையெழுத்து அழகா இருக்குமோ? காட்டுங்க பாப்போம்.” சம்பந்தமில்லாத புதுக் கேள்வியைவிட, அவர் சொன்னதைப் பிடித்துக் கேட்கிற கேள்விதான் ஒருவரைப் பிடித்துப்போகச் செய்கிறது. அதற்குப் பிறகு பல்லாங்குழி விதி. கையில் இருந்த காய் தீர்ந்து அடுத்தது வெறுங்குழியாக இருந்தால், துடைத்து எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளியிடம் விட வேண்டும். ஒரு கிண்டல் போட்டாயிற்று, திரும்பி வரவில்லை என்றால் அடுத்ததைப் போடக் கூடாது.

‘எந்தத் தெரு?’

டெல்டாவில் அது முகவரி கேட்கிற கேள்வி இல்லை. என்ன கேட்கிறீர்கள் என்று அவளுக்கும் தெரியும். கேட்காதீர்கள்.

கடமைச் சிரிப்பை நூல் என்று எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாத தவறு இதுதான். எரிச்சலும் இதில்தான்.

டெல்டா டவுன் ஒன்றில் ஒரு ஜவுளிக்கடை. ரெடிமேட் செக்‌ஷனில் இருபது வயசுப் பெண், பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருகிறவள். ஒரு பையன் சட்டை எடுக்க வந்தான். “இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும் சார்” என்றாள். அதைச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். அவன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். நான்காம் நாள் ஒரு கைக்குட்டை வாங்க வந்தான். அதற்கடுத்த நாள் சட்டையை மாற்ற. “நீங்க செலக்ட் பண்ணாதான் எடுப்பேன்” என்றான். சிரித்தாள். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் வேறு என்ன செய்வாள்? சூப்பர்வைசர் பார்த்தார். அதே பஸ்ஸில் வருகிற ஒருவர் வீட்டில் சொன்னார். மறு வாரத்திலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. பையன் இன்னும் அதே கடையில்தான் சட்டை எடுக்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை, கையைப் பிடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அவன் போட்ட கடலைக்கு விலை கொடுத்தது அவள்.

கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. உட்காரலாம், சரி. எழுந்து போக முடியுமா? வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்வரை அவளால் நகர முடியாது, முகத்தைச் சுளிக்கவும் முடியாது. இப்படி மாட்டிக்கொண்டவரிடம் வருகிற சிரிப்பிலிருந்து எதையும் படித்தெடுக்க முடியாது. ஆஸ்பத்திரி ரிசப்ஷன், பேங்க் கவுண்டர், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், உங்களிடம் டியூஷன் படிப்பவர், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் எல்லாம் இதே கணக்கு.

ஏன் நல்ல பையன்களும் இதில் விழுகிறார்கள்? 1982-ல் அன்டோனியா ஆபி நடத்திய சோதனையில், ஓர் ஆணும் பெண்ணும் சாதாரணமாகப் பேசுவதை வேறொரு ஆணும் பெண்ணும் பார்த்தார்கள். பேசிய பெண்ணிடம், பார்த்த பெண்கள் வெறும் நட்பைக் கண்ட இடத்தில் ஆண்கள் மயக்கும் எண்ணத்தைக் கண்டார்கள். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். வேலையிடத்தில் ஒருவர் ஆசையைச் சொல்லும்போது, மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதை, ஆசையைச் சொன்னவர் குறைவாகவே மதிப்பிடுகிறார் என்று 2019-ல் வனெஸா போன்ஸும் லாரன் டிவின்சென்டும் காட்டினார்கள். ‘பிடிக்கலைன்னா சொல்லியிருப்பாளே’ என்கிற நம்பிக்கைதான் அது.

பார்க்க வேண்டியவை மூன்று. வேலை முடிந்த பிறகும் அவரே பேச்சை நீட்டுகிறாரா? பில் போட்டாயிற்று, இனி பேச அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்கிற நிலையில்தான் இது தெரியும். உங்களைப் பற்றி, தொழிலுக்குத் தேவையில்லாத ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததா? கடைசியாக, அவர் நினைத்தால் அந்த நிமிடமே எழுந்து போக முடியுமா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் முதல் இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். பில்லின் பின்னால் நம்பர் எழுதிக் கொடுப்பது ஸ்டைல் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில். ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் தோழிகளோடு வந்திருப்பவர் உங்களை அடையாளம் கண்டு, அவராக வந்து பேசினால் அது வேறு கதை.

‘நீங்க’வை நீங்களே ‘நீ’ ஆக்குவது

‘வாங்க போங்க’வில் கடலை போட முடியாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மேலே உள்ள கோச்சிங் பேச்சு முழுக்க ‘ங்க’தான். “மெடிக்கல்ல காட்டு” என்று சொல்லியிருந்தால் அது அதட்டல், “காட்டுங்க” என்பதில்தான் குறும்பு இருக்கிறது. முதலில் அவர் ‘நீ’ என்று சொல்லட்டும், அப்புறம் நீங்கள் சொல்லலாம். ‘டி’ பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

கல்யாண வீட்டுக் கேலியை வெளியே கொண்டுவருவது

முறை உள்ளவர்கள் கேலி செய்வது இந்த ஊரில் பழைய உரிமை. குடத்தில் மோதிரம் தேடும்போது மச்சினிச்சிகள் மாப்பிள்ளையை ஓட்டுவார்கள், மஞ்சள் தண்ணீரை மாமன் மகன் தலையில் ஊற்றுவார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. மானுடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரவுன் இப்படிப்பட்ட கேலி உறவைப் பற்றி 1940-ல் எழுதினார்: ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அங்கே சாட்சிக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள், மாலைக்குள் முடிந்துவிடும், அவளும் உங்களை ஓட்டலாம். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவரிடம் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

கேலி செய்தே ஆக வேண்டுமென்றால் அவராக விரும்பித் தேர்ந்தெடுத்ததைச் செய்யுங்கள்: வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், ஃபில்டர் காபிக்குச் சர்க்கரை கேட்பது. நிறம், எடை, மார்க், வீட்டு வசதி எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை இல்லை.

கூட்டாளிகளோடு போவது

தனியாகப் பேச தைரியம் இல்லையென்றால் பேசாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் கலாய்ப்பது

தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது நக்கலா நிஜமா என்பது 78 சதவீதம் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56 சதவீதம். 2005-ல் ஜஸ்டின் க்ரூகர் குழு செய்த சோதனை இது. காசு சுண்டினாலே பாதி சரியாக வரும். எழுதுகிறவர் காதில் தன் குரல் கேட்கிறது, படிக்கிறவர் காதில் கேட்பதில்லை. கிண்டலை நேரிலோ வாய்ஸ் நோட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

‘ம்’, ‘ஓகே’, மணிக்கணக்கில் இடைவெளி, கேள்வியே திரும்பி வராத பதில்: இரண்டு முறை இப்படி வந்தால் மூன்றாவதை அனுப்ப வேண்டாம். ஆர்வம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மறுபடி மறுபடி தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம்.

‘அண்ணா’ என்று கூப்பிட்டால்

கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் நேற்றுவரை பெயர் சொன்னவர் இன்று ‘அண்ணா’ என்றால், பதில் வந்துவிட்டது.

மறுத்த மறுநாள் காணாமல் போவது

மறுப்பை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வேறு பெஞ்சுக்கு மாறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் தவறுதான். இதுவரை பேசியதெல்லாம் எதற்கு என்று அவருக்கு அது சொல்லிவிடும். “சரிங்க, பரவால்ல” போதும், விளக்கம் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்து, பேனா தீர்ந்தால் முன்பு கேட்ட மாதிரியே அவரிடம் கேளுங்கள்.