அனிமோன் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கிளவுன் மீன் ஜோடி ஒன்று கடல்நீர்த் தொட்டிக்கு வந்து ஒரு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரே நினைப்பு வரும்: பாவம், இதுகளுக்கு வீடு இல்லையே! வீடு என்றால் அனிமோன். பள்ளிப் பாடத்தில் கடற்சாமந்தி என்று படித்தோமே, அதுதான். பேரில் சாமந்தி இருந்தாலும் அது செடி இல்லை. வாயும் வயிறும் கொட்டும் உணர்விழைகளும் கொண்ட, இஷ்டப்பட்டால் இடம் மாறும் உயிர்.

பண்ணையில் பொரித்து வளர்ந்த கிளவுனுக்கு அனிமோன் தேவையே இல்லை. கடலில் அது அனிமோனுக்குள் ஒளிவது பெரிய மீன்களுக்குப் பயந்து. உங்கள் மூன்றடித் தொட்டியில் அதைத் துரத்த யார் இருக்கிறார்கள்? அனிமோன் இல்லாமலேயே அது பத்து வருஷத்துக்கு மேல் நன்றாக வாழும். ஆனால் மீனைத் தாங்கும் அதே தண்ணீர் அனிமோனைத் தாங்காது. மீனுக்காக அனிமோன் வாங்குவதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. அனிமோனையே வளர்க்க ஆசைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

என் முதல் அனிமோனை, தொட்டி வைத்து மூன்றே மாதத்தில் வாங்கினேன். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், அப்புறம் என்ன என்று நினைத்தேன். அந்த இரண்டு எண்களும் பூஜ்யத்துக்கு வருவது தொட்டியின் தொடக்கம்தான். உப்பு, காரத்தன்மை, நைட்ரேட் எல்லாம் ஒரே இடத்தில் நிலைகொள்ள ஆறு மாதமாவது ஆகும். ஒரு வருஷம் பொறுத்தால் இன்னும் நல்லது. முதல் சில மாதங்களில் பழுப்புப் பாசி, பச்சை இழைப்பாசி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். அந்த ஆட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு அனிமோன் பற்றி யோசிக்கலாம்.

சென்னை மாதிரி ஊரில் பெரிய எதிரி மே மாதம். அனிமோனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை வசதி. ஏசி இல்லாத ஹாலில், விளக்கும் மோட்டாரும் தரும் சூட்டோடு சேர்ந்து தண்ணீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையைப் பார்த்து மிரண்டு தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைப்போம். சூடு குறையும், சரி. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் ஆவியாகிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இது தெரியாமல் குறைந்த அளவுக்கு உப்புத்தண்ணீரே ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் உப்பின் அளவு எங்கேயோ ஏறிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், அதையும் தினமும் சிறிது சிறிதாக. தானாக நிரப்பும் டாப்-அப் கருவி கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் என்பேன். உப்பின் அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி 1.025 அல்லது 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி கரைசலால் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நல்ல தண்ணீர் எது என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சமையலறை ஆர்ஓ தண்ணீர்தான் கைக்கு எட்டும். குடிக்கிற ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கட்டுப்பாடும் மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் 60, 80 என்று காட்டும். தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்ச உப்புகளையும் பிடித்துவிடும் டிஐ ரெசின் குடுவை ஒன்றைத் தனியாக மாட்டினால் வேலை முடிந்தது.

அடுத்தது கடை. அங்கே கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் நோயாளிதான். அனிமோனின் இயல்பான நிறம் அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியிலிருந்து வரும் பழுப்பு. அதன்மேல் இனத்தைப் பொறுத்துப் பச்சை, சிவப்பு, ஊதா நுனி என்று சேரும். அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துத் தருவதுதான் அதற்குப் பெருஞ்சாப்பாடு. பாசியை இழந்தால் வெளுத்துப்போகும். பால் வெள்ளையாக, ஊதா நுனியோடு ஒன்று 'சேபே அனிமோன்' என்ற பேரில் விற்கப்படும். அபூர்வ ரகம் மாதிரி தெரியும், ஆனால் அது பட்டினி கிடக்கும் அனிமோன். எலுமிச்சை மஞ்சளில் பளபளப்பது இன்னும் மோசம். வெளுத்ததைச் சாயத்தில் முக்கி எடுத்திருப்பார்கள், பாசி இருக்க வேண்டிய இடத்தில் சாயம் இருக்கும்.

நிறம் பார்த்தாயிற்றா, வாயைப் பாருங்கள். இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். தொங்கிப்போய், குடல் வெளியே வந்தது போல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். உணர்விழை பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். கடைசியாகப் பாதம். கடைப்பையன் கண்ணாடியில் ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுப்பதைப் பார்த்தால் அந்த அனிமோனை வாங்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. சின்னக் கல்லில் உட்கார்ந்திருப்பதைக் கல்லோடு கேட்டு வாங்குங்கள், கல்லுக்கும் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ராமேஸ்வரம் போனபோது கடற்கரையில் பொறுக்கினேன் என்று பவளக்கல்லைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். கல்லாகும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தொட்டிக்குச் செயற்கைப் பாறையே போதும்.

எந்த மீனும் எந்த அனிமோனிலும் குடியேறிவிடாது. உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் இனங்கள் உண்டு. கிளவுன்களுக்கு இடம் கொடுப்பவை பத்து மட்டும். கடைகளில் அதிகம் விற்கும் ஆரஞ்சு வெள்ளை ஓசெல்லாரிஸ், கடலில் மேக்னிஃபிகா அனிமோனிலும் இரண்டு வகைக் கம்பள அனிமோன்களிலும் வாழ்வது. மூன்றுமே வளர்க்கக் கஷ்டமானவை. வீட்டுக்கு ஏற்றது குமிழ்நுனி அனிமோன்தான். ஓசெல்லாரிஸ் கடலில் அதோடு வாழாவிட்டாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் வாழும் சேபே கிளவுனுக்குப் பிடித்தது ஹட்டோனி கம்பள அனிமோன். அது மணலுக்குள் பாதத்தைப் புதைத்து வாழ்வது. பாறைமேல் வைத்தால் நிலைகொள்ளாமல் அலையும். கம்பள அனிமோனுக்கு இன்னொரு குணம் உண்டு: சின்ன மீன் தப்பித்தவறி மேலே உரசினால் சாப்பிட்டுவிடும்.

இனி மோட்டார். என் முதல் அனிமோன் செத்தது இதனால்தான். சாயந்தரம் பாறை இடுக்கில் பார்த்துப் பார்த்து வைத்தேன், ஒட்டிக்கொண்டது. நள்ளிரவில் அதற்கு இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. விடியற்காலை, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான வேவ்மேக்கரின் சத்தம் மாறியிருந்தது. வழக்கமான முனகலுக்குப் பதில் கரகரப்பு. விளக்கைப் போட்டால் தொட்டி முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளை. இறக்கைக்குள் பாதி அனிமோன், மீதி துண்டு துண்டாக மிதந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கிளவுன் ஜோடியை பக்கெட்டுக்கு மாற்றி, கையில் இருந்த உப்பையெல்லாம் கரைத்துப் பாதித் தண்ணீர் மாற்றி, கரிப்பொடிப் பை தொங்கவிட்டு ஒருவழியாக மீன்களைக் காப்பாற்றினேன். இறால் இரண்டும் போய்விட்டன. நூறு ரூபாய் நுரைப்பஞ்சு ஒன்று அந்த மோட்டாரின் வாயில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பல்லிடுக்கு, ஃபில்டர் வாய், வேவ்மேக்கர் எல்லாவற்றையும் அனிமோன் வரும் முன்பே மூடுங்கள். பஞ்சை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் பவளங்களை அடுக்குவதும் அதே வகைத் தவறு. அனிமோன் நகரும் வழியில் இருப்பதையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். முதலில் அனிமோன், அது இடம் பிடித்த பிறகு பவளம். அது தேர்ந்த இடம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பிய்த்து எடுக்காதீர்கள். விளக்கையும் முதல் நாளே முழு வேகத்தில் விடாமல், பாதியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்.

பிறகு வருவது பதற்றம். அனிமோன் திடீரென்று சுருங்கி, காற்றுப்போன பலூன் மாதிரி ஆகிவிடும். கழிவைத் தள்ளிவிட்டுச் சில மணி நேரத்தில் மறுபடி விரியும். செத்துவிட்டதென்று கையை விட்டு நோண்டாதீர்கள். உண்மையிலேயே செத்தது கரையத் தொடங்கும், நாறும். அதை மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் எடுங்கள்.

அனிமோனுக்குச் சாப்பாடாக இறாலோ மீனோ பட்டாணி அளவுத் துண்டு, வாரம் ஒன்றிரண்டு முறை போதும். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் அரைகுறையாகக் கக்கும்.

மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் அனிமோன் இருக்கும் தொட்டியில் தாமிர மருந்து ஊற்றவே கூடாது. மீனைக் காப்பாற்றும் அந்த அளவு அனிமோனைக் கொன்றுவிடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

இவ்வளவும் செய்த பிறகும் மீன் அனிமோன் பக்கம் திரும்பாமல் இருக்கலாம். பண்ணை மீன் அனிமோனைப் பார்த்ததே இல்லை, புரிய நாளாகும். வலையில் பிடித்து அனிமோனுக்குள் தள்ளுவது, அனிமோன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டுவது என்று என்னென்னவோ செய்கிறார்கள். தள்ளுவது மட்டும் வேண்டாம். பழகாத மீனையும் அனிமோன் கொட்டும். மாறாக, சில மீன்கள் முதல் நாளே விழுந்து புரண்டு, காலூன்றாத அனிமோனைப் படாதபாடு படுத்தும். அப்போது மேலே ஒரு பிளாஸ்டிக் வலைக்கூடையைக் கவிழ்த்து ஒரு வாரம் விடுங்கள்.

என் இரண்டாவது அனிமோன், குமிழ்நுனிதான், இப்போது மூன்றாம் வருஷத்தில் இருக்கிறது. போன கார்த்திகையில் தானே இரண்டாகப் பிரிந்தது. ஆக என் தொட்டியில் இரண்டு வீடுகள் காலியாக இருக்கின்றன. கிளவுன் ஜோடி இன்னமும் கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்குப் பின்னால்தான் தூங்குகிறது.