கோல்ட் ஸ்ப்ரே (cold spray) செம்பு: துளை குறைய, வளைத்தாலும் உடையாமல் இருக்க

கோல்ட் ஸ்ப்ரே என்பது உலோகப் பவுடரை உருக்காமல், சூடான வாயுவின் வேகத்தில் பரப்பின் மேல் மோதவிட்டுப் படிவாக ஒட்டவைக்கும் முறை. பவுடர் ஒட்டுகிறது, ஆனால் படிவை வெட்டிப் பார்த்தால் உள்ளே நுண்துளை. வளைத்தால் பிஸ்கட் போல உடைகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இது. இயந்திரத்தை ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பவுடர். உருண்டைத் துகள், 15 முதல் 45 மைக்ரான். இங்கே துகள் உருகுவதில்லை. மோதும்போது ஆக்சைடு தோல் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் பிடிக்கும். கறுத்துப்போன பழைய பவுடருக்கு அழுத்தத்தை ஏற்றியும் பெரிய பலனில்லை.

அடுத்து வேகம். செம்புத் துகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டரைத் தொட்டால்தான் ஒட்ட ஆரம்பிக்கும். துளை குறைய அதையும் தாண்ட வேண்டும். நைட்ரஜனிலேயே தொடங்குங்கள், வாயுவின் சூட்டை ஏற்றுங்கள், பிறகு அழுத்தத்தை. ஹீலியம் வேகமும் தரும், பெரிய பில்லும் தரும். நாசில் (பவுடர் வெளியே பாயும் முனைக்குழாய்) பரப்புக்கு 90 டிகிரியில், 30 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். சாய்த்தால் துளை கூடும்.

இப்போது துளையைப் பார்ப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செம்பு மென்மையானது, எமரி பேப்பரை அழுத்தித் தேய்த்தால் உலோகம் இழுபட்டுத் துளைகளை மூடிவிடும். கண்ணாடி மாதிரி மின்னும், மைக்ராஸ்கோப்பில் ஒரு குறையும் தெரியாது. கடைசிப் பாலிஷை மெதுவாகச் செய்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் சில நொடி நனைத்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். மறைந்திருந்த துளைகளும், துகளுக்குத் துகள் இருக்கும் எல்லைக்கோடுகளும் வெளியே வரும்.

துளையே இல்லாவிட்டாலும் வளைத்தால் உடையலாம். மோதி மோதி இறுகிய செம்புக்கு நீளும் தன்மை போய்விடுகிறது. எல்லைக்கோடுகளும் முழுதாகப் பிணைந்திருப்பதில்லை. அதற்குத்தான் அனீலிங், அதாவது சூடாக்கி வைத்து மென்மையாக்குவது. ஆர்கானிலோ வாக்குவம் ஃபர்னஸிலோ 400 டிகிரி, ஒரு மணி நேரம் என்று தொடங்கலாம். கடினம் குறையும், வளையும் தன்மை திரும்பும். ஹைட்ரஜன் வேண்டவே வேண்டாம்: உள்ளே இருக்கும் ஆக்சைடோடு சேர்ந்து நீராவியாகி விரிசல் விடும்.

பின்சேர்க்கை: அலுமினியத்துக்கு நாசில் அடைகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நாசிலைத் தண்ணீரால் குளிர்வித்துப் பாருங்கள். பவுடரோடு கொஞ்சம் அலுமினா (கடினமான அலுமினியம் ஆக்சைடுத் துகள்) கலந்தால் உள்சுவரும் சுத்தமாகும், படிவும் தட்டப்பட்டு இறுகும். ஆனால் அலுமினாவில் கொஞ்சம் படிவுக்குள்ளேயே தங்கிவிடும். மின்சாரம் கடத்த வேண்டிய பாகமென்றால் கலக்காதீர்கள்.